இன்னும் கொஞ்சம் வைக்கவா

அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளாத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. டேப்பைக் கண்டதும் அது தானாக உள்ளே போய்விடுகிறது. டைலரக்கா அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். எதிர்வீட்டு மாடியில் என்ன காய்கிறது, யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது என்று அவர் பாட்டுக்கு வேடிக்கை பார்ப்பார். நாம் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்? விட்டுவிடுவோம். அப்போதுதான் குனிந்து டேப்பைப் பார்ப்பார்.

"ம், இப்பத்தான் வந்திருக்க" என்பார். அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சாக்பீஸால் துணியின் உள்பக்கம் கிறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்தது அவர் கடை. பலகையில் முன்பு அங்கே இருந்த சைக்கிள் கடைக்காரரின் பெயர்தான் கடைசிவரை தொங்கியது. அதை மாற்ற அவருக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. ஊரே டைலரக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரைப் பெரிய உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். சொன்ன நாளில் துணி தந்ததே கிடையாது. "வெள்ளிக்கெழம வா" என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். நாம் ஆசையாக எடுத்த துணியைப் பிரித்துப் பார்த்து, "இந்தக் கலர எவ தலையில கட்டுனான் கடைக்காரன்?" என்று கேட்பார். கோபித்துக்கொண்டு போனவர்களும் திரும்பி வந்தார்கள். கையில் வேலை சுத்தம்.

ஆள் நல்ல பருமன். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய முதலில் தோளைக் கொடுத்து, பிறகு இடுப்பைக் கொடுத்து, ஒருக்களித்துத்தான் போவார். அதைப் பற்றி அவரே சிரித்ததும் இல்லை, நொந்துகொண்டதும் இல்லை. நம்மில் பலர் நாலு பேர் முன்னால் நம் உடம்பை நாமே முந்திக்கொண்டு கேலி செய்துவிடுவோம், மற்றவர்கள் செய்வதற்குள். அந்தப் பழக்கம் அவரிடம் கிடையாது.

முதல் தடவை நான் போனது மதியம் ஒரு மணி வாக்கில். பக்கத்துத் தெருவில் ஒரு பருப்பு மில் ஆபீஸில் பில் போடுகிற வேலை எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து கூப்பிட்டேன்.

"இரு தாயி, உள்ள ஆளு சாப்புடுது" என்று குரல் வந்தது.

வீட்டுக்காரரோ மகனோ என்று நினைத்து வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் உள்ளே வேறு யாரும் இல்லை. தரையில் பாய் விரித்து, முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருந்தார். டிபன் கேரியரிலிருந்து தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஓரத்தில் கத்திரிக்காய்க் கூட்டு. கேரியர் கிண்ணத்திலேயே பிசைந்து தின்றுவிடலாமே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. அவர் அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தார். தட்டு காலியானதும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டார். சத்தமாகவேதான் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோருக்கு மட்டும் வையி" என்று அவரே பதிலும் சொன்னார்.

இந்தப் பொம்பளைக்கு மறை கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

என் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. அருப்புக்கோட்டை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் கோட்டத் தொட்டுக்கிட்டு நிக்கிதும்மா. எடையக் கொறைங்க, இல்லன்னா மாத்திரதான்" என்று சொல்லியிருந்தார். என் அம்மாவுக்குச் சுகரால் கால் விரல் எடுத்திருக்கிறது. அந்த வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை.

அதனால் நான் செய்தது பட்டினி. காலையில் கொள்ளுக் கஞ்சி ஒரு டம்ளர், மதியம் வெள்ளரிக்காய், அவ்வளவுதான். ஆபீஸில் எல்லோரும் பாராட்டுவார்கள். சாயங்காலம் எங்கள் ஊரான பாலவனத்தம் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். பக்கத்துக் கடையில் காராச்சேவு வாங்குவேன். பஸ் புறப்பட்டதும் பைக்குள் கையை விட்டு, வெளியே எடுக்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் போட்டுக்கொள்வேன். கண் ஜன்னலில் இருக்கும், கை பைக்குள் இருக்கும். ஊர் வருவதற்குள் பாக்கெட் தீர்ந்துவிடும். அதைச் சின்னதாக மடித்து, பையின் அடியில் அமுக்கிவிட்டு இறங்குவேன். காரமா உப்பா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போனால் என் மேலேயே ஆத்திரமாக வரும். நீயெல்லாம் உருப்படுவாயா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். மறுநாள் காலைக் கஞ்சியும் கட்.

இந்தச் சமயத்தில்தான் தம்பி கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவனுடைய அக்கா தங்கைதான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அதற்காகவே ஒரு பட்டுச் சேலை எடுத்து, ப்ளவுஸ் துணியை டைலரக்காவிடம் கொண்டுபோனேன். கூடவே அளவு ப்ளவுஸ் ஒன்றும் கொடுத்தேன். அதை விரித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எப்ப உள்ளது?"

என் கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது அது.

"கல்யாணத்துக்குள்ள கொறைச்சுருவேன்க்கா. அதுக்குத்தான் இத வச்சுத் தைக்கச் சொல்றேன். தச்சுட்டா ஒரு வைராக்கியம் வரும்ல."

"வர்ற உடம்புக்குத் தைக்க எனக்குத் தெரியாது தாயி. வந்திருக்கிற உடம்புக்குத்தான் தைப்பேன். கொறைஞ்சா கொண்டா, புடிச்சுத் தாரேன். அதுக்குக் காசு வேணாம்."

"நான் சொல்ற மாதிரி தைக்க முடியுமா, முடியாதா?"

"முடியாது" என்றார். கோபமே இல்லை. துணியை மடித்து, மேலே அளவு ப்ளவுஸை வைத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தைக்க ஊரில் வேறு ஆளே இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே போய், காரியாபட்டியில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைலரிடம் கொடுத்தேன். அவர் கொடுத்த அளவுக்கே தைத்துத் தந்துவிட்டார். அதை அலமாரியில் கண்ணில் படும்படி தொங்கவிட்டு, முன்னைவிடக் கடுமையாகப் பட்டினி கிடந்தேன். பஸ்ஸில் முன்னைவிட வேகமாகத் தின்றேன்.

கல்யாணத்தன்று காலையில் அதை மாட்ட இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஊக்கு எப்படியோ விழுந்துவிட்டது. நிற்கலாம், சிரிக்கலாம், மூச்சுவிட மட்டும் கொஞ்சம் சிரமம். தம்பி தாலியைக் கட்டினான். நான் பெண்ணுக்குப் பின்னால் நின்று மாலைக்கு அடியில் இரண்டு கையையும் நீட்டினேன். முதுகில் டர்ரென்று ஒரு சத்தம். மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும், பக்கத்தில் நின்ற சித்தி மகளுக்கும் மட்டும்தான் கேட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டேன். முடிச்சை அவள் போட்டாள். ஆல்பத்தில் அந்த இடத்தில் இருப்பது அவள்தான். என் ஒரே தம்பியின் கல்யாணம். அன்றைக்கு மணமகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிழிந்த ப்ளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு டைலரக்காவிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவது? குத்திக்காட்டப் போகிறார், வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று தயாராகப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் காராச்சேவு தின்பது வரை எதையும் விடாமல் சொல்லிவிட்டேன். அவர் தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள துணியே விடாமத் தச்சிருக்கான்" என்று அந்தக் காரியாபட்டி டைலரைத்தான் வைதார். பிறகு, "நாளைக்கி மதியச் சோத்த இங்க கொண்டுட்டு வா. வெள்ளரிக்கா கொண்டு வராத. சோறு கொண்டா" என்றார்.

அப்படித்தான் நான் அந்தப் பாயில் உட்கார ஆரம்பித்தேன். அவர் எனக்கென்று ஒரு தட்டு வைத்திருந்தார். போன் இரண்டையும் நூல்கண்டு இருக்கிற டப்பாவுக்குள் போட்டுவிடுவார். சாப்பிடும்போது பேச்சு அனேகமாகக் கிடையாது. மூடியைத் திறந்ததும் ஒரு தரம் மோந்து பார்ப்பார். "இன்னைக்கி வெங்காயம் நல்லா வதங்கியிருக்கு" என்று தன் சமையலைத் தானே பாராட்டிக்கொள்வார். குதிரைவாலிச் சோறு என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அதுவும் தட்டில் கொஞ்சமாகத்தான் விழும். அப்புறம் அந்தக் கேள்வி வரும். சில நாள் "போதும்" என்பார், சில நாள் "வையி" என்பார். "வையி" என்றால் தயங்காமல் வைத்துக்கொள்வார்.

"என்னக்கா இது கூத்து, ஒங்களுக்கு நீங்களே பந்தி பரிமாறிக்கிறீக?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எனக்குச் சுகர் வந்தப்ப நானும் ஒன்ன மாதிரிதான் கெடந்தேன்" என்றார். "எங்க வீட்டுல யாராவது விருந்தாளி வந்தா எப்பிடிப் பாப்போம்? நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போன்னு சொல்லுவமா? பிள்ளைக மிச்சம் வச்சதத் தட்டுல தள்ளுவமா? வேணுமா வேணாமான்னு கேக்காம வைப்பமா? எனக்கு மட்டும் நான் அப்பிடித்தான செஞ்சுக்கிட்டு இருந்தேன். அடுப்படியில நின்னுக்கிட்டு, சட்டியில ஒட்டுனத வழிச்சுத் தின்னுக்கிட்டு. சரி, நம்மளும் ஒரு விருந்தாளிதான்னு வச்சுக்கிட்டேன்."

எனக்கு அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க வெட்கம். மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். முதலில் உள்ளேயிருந்து பதிலே வரவில்லை. பசிக்கிறதா, வயிறு நிறைந்துவிட்டதா என்று என் வயிற்றிடம் நான் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை, அது எப்படிப் பேசும்? கொஞ்ச நாள் ஆனது. அப்புறம் ஒரு மதியம், கடைசி உருண்டைக்கு முன்னால் போதும் என்று நன்றாகவே தெரிந்தது. தட்டில் சோறு இருக்கும்போது கை நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாயங்காலப் பஸ்ஸிலும் கண் இருட்டவில்லை. சில நாள் காராச்சேவு வாங்கினேன், சில நாள் வாங்கவில்லை.

இத்தனைக்கும் நான் ஒன்றைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். அவருக்கு இதெல்லாம் இயல்பாக வருகிறது, அவர் சறுக்க மாட்டார், நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை என்று நினைத்திருந்தேன். காராச்சேவு வாங்கின நாளெல்லாம் அவரோடு என்னை ஒப்பிட்டு இன்னும் அதிகமாகத் திட்டிக்கொண்டேன்.

ஒரு மதியம் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. அவர் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப். மடியில் சீரணி மிட்டாய்ப் பொட்டலம் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு பொட்டலத்தில் சேவு, அதுவும் முக்கால்வாசி காலி. கை அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியின் பட்டு ப்ளவுஸில் எண்ணெய் விரல் பட்டு ஒரு கறை. என்னைப் பார்த்ததும் கை நின்றது. ஒளித்துவைக்கவில்லை.

"வா" என்றார். "மகன் போன் பண்ணுனான், திருப்பூர்ல இருந்து. கல்யாணம் முடிச்சுட்டானாம். போன வாரமே. எங்கிட்ட இன்னைக்கித்தான் சொல்றான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒற்றைப் பிள்ளை அவருக்கு. வீட்டுக்காரர் என்றோ போய்விட்டார். ஊருக்கெல்லாம் கல்யாணத் துணி தைத்தவர், தன் மருமகளின் அளவு கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பார்த்தார்.

"என்ன தின்னேன், எப்பத் தின்னேன்னே தெரியல. இன்னைக்கி முடியல தாயி" என்றார். எழுந்து முகம் கழுவினார். அந்த எண்ணெய்க் கறை மேல் முகப் பவுடரைக் கொட்டி, உறிஞ்சட்டும் என்று ஓரமாக வைத்தார். அன்று அவர் கேரியரைத் திறக்கவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன்.

மறுநாள் போகும்போது எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பட்டினி கிடப்பார், நம்மை மாதிரிதான் இவரும் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாய் விரித்திருந்தது. வழக்கம்போலத் தட்டில் சோறு, முருங்கைக்கீரை, ரசம். மோந்து பார்த்தார், மென்றார். கரண்டியை எடுத்து, "இன்னுங் கொஞ்சம் வைக்கவா?" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நேத்து அவ்வளவையும் தின்னுட்டு, இன்னைக்கி எப்பிடிக்கா ஒங்களால உக்காந்து சோறு திங்க முடியுது?"

அவருக்கு என் கேள்வியே முதலில் புரியவில்லை. பிறகு, "விருந்துக்கு வந்த ஆளு ஆசையில ரெண்டு வட கூடத் தின்னுட்டா, மறுநா அவுகளப் பட்டினி போட்டுத் தொரத்துவமா?" என்றார். "நேத்து வயித்தெரிச்சல்ல தின்னேன். இன்னைக்கிப் பசிக்கிது, சாப்புடுறேன். அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? வைஞ்சம்னா அந்த ஆளு ஒளிஞ்சு திங்க ஆரம்பிச்சுரும். நீ பஸ்ஸுல பைக்குள்ள கைய விட்டுத் திங்கிற, யாருக்குப் பயந்து? ஒன் வீட்டுக்காரருக்கா? அவரு பாவம், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்லன்னு நீதான சொன்ன. நீ ஒனக்குத்தான் பயப்படுற."

அவர் சறுக்கியதைப் பார்த்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பாயும் தட்டும் கேள்வியும் ஒரு வருஷம் சொல்லித்தராததை அந்த எண்ணெய்க் கறையும் மறுநாள் ரசமும் சொல்லிக்கொடுத்துவிட்டன. சறுக்காமல் இருப்பது அவருக்கும் தெரியாது. சறுக்கிய மறுநாள் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடத் தெரியும், அவ்வளவுதான்.

மகனும் மருமகளும் கைக்குழந்தையோடு வந்து கூப்பிட்டபோது அவர் திருப்பூருக்குப் போய்விட்டார். கோபம் பேரனைப் பார்த்ததும் தீர்ந்திருக்கும். கடையில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். என் எடை ஓரளவு இறங்கி, ஒரு இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அளவு ப்ளவுஸை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். போன தடவை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இப்போதைக்கு மாத்திர வேணாம், இப்பிடியே போங்க" என்றார்.

சென்ற மாதம் காரியாபட்டிச் சித்தி வீட்டில் காதுகுத்து. கறிச்சோறும் ஜாங்கிரியும் ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டன. வயிறு போதும் என்று சொன்னது எனக்குக் கேட்டது, கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். வீடு திரும்பும்போது நிமிர முடியவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் பழைய குரல் ஆரம்பித்தது. இன்றைக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது உனக்கு என்றது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு தோசை ஊற்றி, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி அரைத்து, தட்டில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

ஏழாவது படிக்கிற என் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்ன வந்தவள், கையில் சீப்போடு கதவோரத்தில் நின்றுவிட்டாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னைக்கிப் பட்டினி இல்லையா?"

"இல்லடி. பசிக்கிது, சாப்புடுறேன்."

அவள் இன்னும் அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இன்னைக்கி எங்கள வைய மாட்டல்ல?"

பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன். இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் பட்டினி கிடந்தேன் என்று நினைத்திருந்தேன். என் பட்டினி நாட்களை இவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, பயந்து, எந்தப் பக்கம் நடந்தால் வசவு விழாது என்று பழகிவைத்திருக்கிறாள். "மாட்டேன், வா" என்று பக்கத்தில் இடம் கொடுத்தேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் ஒட்டி உட்கார்ந்தாள்.

அன்று மதியம் டைலரக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சொல்லவிடவில்லை.

"பிள்ள சாப்புட்டாளா?" என்றார்.